நோன்பில்லாத நாலு நாள்

என் பேரு ஜாஹிர். வயசு இருபத்தஞ்சு. இருக்கிறது பினாங்கு, ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பிளாட்ல. வேலை பைக் வொர்க்‌ஷாப்ல. அத்தா அம்மாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சதுதான், ஆனா நம்ம கடையநல்லூர் வாட்ஸ்ஆப் குரூப்புல மாமி வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் புதுசா சேந்திருக்காங்க, அதுக்காகச் சொல்றேன். வாயால சொல்லச் சொல்ல போனே எழுதிக்கிடுது, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. கால் போட்டுத்தான் சொல்லணும்னு பாத்தேன். போனை எடுக்குறதும் வைக்கிறதுமா இருந்தேன். நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்க, எனக்கு அழுகை வந்துரும். இது ஷாஹிரா அக்கா வீட்டுல நடந்தது. அக்காதான் சொல்லச் சொன்னா. அவ சொன்னதை அவ பாத்த மாதிரியே, ஒரு கதையா, முதல்ல இருந்து சொல்றேன். பாதியில விட்டுறாம படிங்க.

அக்கா வீட்டுக்காரர் ஹாஃபிஸ் மச்சானைப் பத்தி நம்ம ஊருல என்ன பேச்சுன்னு தெரியும். டவுன்ல ஒரு நாசி கண்டார் கடை, நாசின்னா இங்க சோறு, ஜெலுத்தோங்ல இன்னொரு கடை, ரெண்டுலயும் மத்தியானம் ஆனா ரோடு வரைக்கும் கியூ. பள்ளிவாசல் கமிட்டியில பேரு. பேப்பர்ல படம். கையை நீட்டிக் கொடுக்கிறவரு, குரலை உசத்தாதவரு. எல்லாம் நெசம்தான். நெசமா இருந்ததாலதான் யாருக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு.

அந்தக் கடையில ஒரு வழக்கம் உண்டு. மச்சானோட அத்தா ஷேக் அலாவுதீன் மாமா கொண்டு வந்தது. காலையில சமையல் முடிஞ்சதும் தவுக்கே, அதான் கடை முதலாளி, ஒவ்வொரு சட்டிகிட்டயும் போய் நிக்கணும். சமையல் பண்டாரி கரண்டியில எடுத்து அவரு உள்ளங்கையில ரெண்டு சொட்டு குழம்பை விடுவாரு. பிஸ்மி சொல்லி நக்கிப் பாத்து "சரி"ன்னு சொன்னாத்தான் ஷட்டரைத் தூக்குவாங்க. மாமா அதைக் காலம் பூரா பண்ணாரு. அவருக்கு அப்புறம் மச்சான்.

போன வருசக் கடைசியில மச்சான் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு, கடமை இல்லாம விரும்பி வைக்கிறது, அதை வைக்க ஆரம்பிச்சாரு. அந்த ரெண்டு நாளும் சட்டிகிட்ட வர மாட்டேன்னுட்டாரு.

"ஏம்பா, நோன்பாளியா இருந்தாலும் நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்பிரலாம்பா. சமையக்காரனுக்கு அது கூடும்"ன்னாரு மாமா.

"பேணுதலுக்கு வேணாம் அத்தா. பண்டாரி பாக்கட்டும்."

மாமாவுக்குப் பெருமையில கண்ணே கலங்கிருச்சு. கல்லாவுல இருந்த ரோஹானா மட்டும் சும்மா இருக்கல. "பாஸ், நீங்க இப்படிப் பசியோட எதிர்ல நின்னா நாங்க எப்படி லா நாசி திங்குறது? தொண்டைக்குள்ள போகுமா?"

மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "உனக்கா போகாது? ரெண்டு முட்டை சேத்து வச்சுக்கோ, தன்னால போகும்."

அக்காவும் அந்தச் சிரிப்பைப் பாத்துச் சிரிச்சா. ஊருக்கு மெசேஜும் போட்டா, உங்க மருமகன் நோன்பு வைக்கிறாருன்னு. பெருமைதானே.

அப்புறம் ஒவ்வொரு மாசமும் பௌர்ணமியை ஒட்டி மூணு வெள்ளை நாள் நோன்பு சேந்துச்சு. அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். விடியுறதுக்கு முன்னால சஹர் சாப்பாட்டுக்கு அக்கா எந்திரிச்சா, "நான் அப்பவே சாப்பிட்டேன், நீ தூங்கு"ம்பாரு. நோன்பு தொறக்குற நேரம் கடையில இருப்பாரு. வீட்டுக்கு வந்தா, "கடையில முடிச்சுட்டேன்"ம்பாரு. பேன்ட்டு நிக்க பெல்ட்டு ஓட்டை போதாமப் போச்சு, புது ஓட்டை போட்டாரு. மோதிரம் கழண்டு சிங்க்குல விழுந்தப்போ, "சுகர் குறைஞ்சிருக்கு, நல்லதுதானே"ன்னாரு. பள்ளிவாசல்ல எல்லாரும் மொகத்துல நூர், அதான் ஒளி, வந்திருக்குன்னு சொன்னாங்க. அக்கா பாத்தப்போ வெறும் எலும்புதான் வந்திருந்துச்சு.

ஒருநாள் மத்தியானம் அக்கா தன்னோட துப்பட்டாவைக் காடியில, அதான் காருல, மறந்துட்டோம்னு கீழ பார்க்கிங்குக்கு எடுக்கப் போனா. டிரைவர் பக்கத்துக் கதவு இடுக்குல டிஷ்யூவா திணிச்சுக் கிடந்துச்சு. சளியாக்கும்னு குப்பையில போட எடுத்தா. கனமா இருந்துச்சு. ஒண்ணைப் பிரிச்சா. உள்ள சோறு. மென்னது. இன்னொண்ணுல கோழி, அதுவும் நல்லா மென்னு, நார் நாரா. பிரிக்கப் பிரிக்க அதேதான். வாய்க்குள்ள போயிருக்கு, பல்லுல அரைஞ்சிருக்கு, வயித்துக்குப் போகல. காடிக்குள்ள புளிச்ச வாடை.

அவ எல்லாத்தையும் இருந்த மாதிரியே திணிச்சு வச்சுட்டு மேல வந்துட்டா. கேக்கல. கேக்கப் பயம். புத்துநோயா இருக்குமோன்னு ஒரு நெனப்பு, அதைப் பேர் சொல்லி நெனைக்கவே அவளுக்கு வாய் வரல. அன்னையில இருந்து மச்சானைப் பாக்க ஆரம்பிச்சா. பாத்தாத்தான் தெரிஞ்சது. கெண்டூரி, கல்யாணம், எந்த விருந்துலயும் மச்சான் உக்காந்ததே இல்ல. ஓடி ஓடிப் பரிமாறுவாரு. "இவ்வளவு பெரிய தவுக்கே, பாரு எப்படிப் பணிவு"ன்னு சொல்லுவாங்க. பரிமாறுறவன் தட்டை யாரு பாக்கப் போறா? வீட்டுல உக்காந்தா பேசிக்கிட்டே இருப்பாரு, தண்ணி குடிப்பாரு, சோத்தை ஓரத்துக்கு ஓரம் தள்ளுவாரு. கடைசியில போன் வந்த மாதிரி எந்திரிச்சிருவாரு. போன் அடிச்சே இருக்காது.

ஒருநாள் பொறுக்க முடியாம கேட்டுட்டா. "என்னங்க, சாப்பாடு எறங்குதா உங்களுக்கு?"

"பல்லு வலி."

"எந்தப் பல்லு?"

மச்சான் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே சிரிச்சாரு. பட்டன் ஓட்டைக்குள்ள போகல.

மாமியார் ஹாஜரா மாமிகிட்ட மெதுவா சொல்லிப் பாத்தா. "கண்ணு பட்டிருக்கு"ன்னாங்க மாமி. "மூணாவது கடை வேற தொறக்கப் போறான், எத்தனை பேரு வயிறு எரியுதோ." ஓதின தண்ணி பாட்டில்ல வந்துச்சு. மச்சான் அதை மரியாதையா வாங்கி, வாயில வச்சு, ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு. விழுங்குறதுக்குள்ள நெத்தியில வேர்வை. தண்ணிக்கே அப்படி. மாமி தன்னோட தண்ணி வேலை செய்யுதுன்னு சந்தோசப்பட்டாங்க.

மூணாவது கடை கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம்ல. தொறப்பு நாளை மாமாதான் குறிச்சாரு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு எல்லாரும் மாமா வீட்டுல சாப்பிட உக்காந்திருக்கும்போது சொன்னாரு. "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள். பெருநாளைக்கு அறுக்கிற குர்பான் கறியே போதும், பெரிய கெண்டூரியா பண்ணிரலாம். லீவு நாள், கூட்டம் வரும்." சொல்லிட்டு மச்சான் தோள்ல ஒரு தட்டு தட்டினாரு. "பெருநாள்ல இருந்து நாலு நாளைக்கு நோன்பு ஹராம். இந்தத் தடவை நீ தப்பிக்க முடியாது மவனே! ஊரு பாக்க எல்லாச் சட்டியிலயும் கை நீட்டணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. மச்சான்தான் ரொம்பச் சத்தமாச் சிரிச்சாரு. மேஜைக்குக் கீழ அவரு கால் ஆடுன ஆட்டத்துல அக்காவோட தண்ணி கிளாஸ் கிணுகிணுன்னு சத்தம் போட்டுச்சு.

அதுக்கப்புறம் பெருநாள் நெருங்க நெருங்க வீட்டுக்குள்ள என்னவோ நடந்து வர்ற மாதிரி இருந்துச்சாம் அக்காவுக்கு. துல்ஹஜ் மாசப் பிறை பாத்ததுல இருந்து பெருநாளுக்கு முந்தின அரஃபா நாள் வரைக்கும் மச்சான் ஒரு நாள் விடாம நோன்பு. அதுவும் சுன்னத்துதான், யாரு என்ன சொல்ல முடியும்? ஆனா காலண்டர் கிட்ட போய் நிப்பாரு. மாடிப்படி ஏறினா பாதியில நின்னு கைப்பிடியைப் புடிச்சுக்குவாரு. புதுக் கடைக்கு ஃபேன் வாங்குறது, சிலிண்டர் வாங்குறது, எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஒரு வேலையும் தப்பல. வேலைக்காரங்களுக்குப் பெருநாள் சட்டை கூட அளவெடுத்து வாங்கினாரு. வெளிய இருந்து பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது.

பெருநாளும் வந்துச்சு. தொழுகை முடிஞ்சு மாமா வீட்டுல சாப்பாடு. மாமா தன் தட்டுல நெய்ச்சோத்தையும் கறியையும் பெசஞ்சு ஒரு உருண்டை எடுத்தாரு. "இத்தனை நாள் நோன்பு இருந்த பிள்ளை. இந்தா, அத்தா கையால."

ஊட்டி விட்டாரு. மச்சான் மென்னாரு. மென்னுக்கிட்டே இருந்தாரு. மாமா அவரு வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு, பூரிச்சுப் போய். மச்சான் கண்ணு அக்கா பக்கம் திரும்புச்சு. தண்ணிக்குள்ள முங்கினவன் மேல உள்ளவனைப் பாப்பான் இல்லையா, அந்தப் பார்வை. அப்புறம் ஒரு இருமல், ஒரு ஓட்டம், பின்னாடிக் கதவு. "கறியில காரம் அதிகமாக்கும்"ன்னாங்க மாமி.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் காடியில கிளம்பினாங்க. அக்காதான் சொன்னா, உடம்பு சரியில்லன்னு சொல்லிரலாமேன்னு. "முன்னூறு பேரு வர்றாங்க"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

பாலத்துல ஏறி பாதி தூரம் போயிருக்கும். காடி மெதுவாகுது. மெதுவாகுதுன்னா ரொம்ப மெதுவா. பின்னால லாரி ஹாரன். மோட்டார்காரன் ஒருத்தன் பக்கத்துல வந்து கையை ஆட்டித் திட்டிட்டுப் போனான். அக்கா திரும்பிப் பாத்தா, மச்சான் உதடு வெள்ளையா இருக்கு, நாய் மாதிரி மூச்சு வாங்குது, ஸ்டியரிங் மேல விரல் எல்லாம் மடங்கிக் கோணிப் போச்சு, விரிக்க முடியல.

"ஷாஹி, பாலம் முடிய மாட்டேங்குது."

"ஓரமாப் போங்க. அந்தா நிறுத்துற இடம் இருக்கு. என்னைப் பாக்காதீங்க, அதைப் பாத்துப் போங்க."

எப்படியோ கொண்டு போய் நிறுத்திட்டாரு. கீழ கடல். பக்கத்துல லாரி போகப் போக காடியே குலுங்குது. அக்கா அவரு விரலை ஒவ்வொண்ணா ஸ்டியரிங்ல இருந்து எடுத்து விட்டா. எடுத்து விட்டதும்தான் அவரு பேசினாரு.

"விழுங்கினா செத்துருவேன்னு தோணுது. சாக மாட்டேன்னு எனக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியல."

"எப்ப இருந்து?"

"பேப்பர்ல படம் வந்த அன்னைக்கு. மீன் தலைக் குழம்பு, ரெண்டு சொட்டு. எறங்கல. அடைச்சுக்கிச்சு. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு நிக்கிறாங்க. 'சரி'ன்னு சொல்லிட்டுப் பின்னால போய் துப்பினேன். மறுநாள் வியாழக்கிழமை."

வியாழக்கிழமைன்னதும்தான் அக்காவுக்குப் புரிஞ்சது. முதல் நோன்பு அன்னைக்குத்தான் வச்சிருக்காரு.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே."

"போனேன். தனியா. கேமரா விட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. ஒரு கட்டி கிட்டி இருந்திருந்தாக்கூட வெட்டி எடுத்திருப்பாங்க ஷாஹி. ஒண்ணுமே இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்டயாவது சொல்லலாம்ல?"

"சோத்துக் கடைக்காரனுக்கே சோறு எறங்கலன்னா, அந்தக் கடையில யாரு வந்து திம்பா?"

மாமாகிட்ட இருந்து போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. அக்காவுக்கு லைசென்ஸ் இருக்கு, ஆனா பாலத்துல ஓட்டினதே இல்ல. இடம் மாறி உக்காந்து ஓட்டினா. பாலம் எறங்கினதும் கடைக்குப் போற பக்கம் திரும்பல, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிட்டா. "வேணாம் ஷாஹி, முன்னூறு பேரு"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு. மூச்சு இருக்கான்னு அக்கா ஒவ்வொரு சிக்னல்லயும் பாத்தா.

டிரிப்ஸ் ஏத்தினாங்க. டாக்டர் பிரமிளான்னு ஒரு அம்மா, நம்ம தமிழ்தான். கட்டில் ஓரத்துல உக்காந்து பேசினாங்க. "உடம்புல சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இருதயத்துல கை வச்சிருக்கும். தொண்டையில ஒண்ணும் இல்லங்கிறது சரிதான். இது பயம். பயம்னா நீங்க சும்மா நடிக்கிறீங்கன்னு அர்த்தம் இல்ல. இதுக்கு மருந்து இருக்கு, பேசிப் பேசிச் சரி பண்ற ஆளுங்க இருக்காங்க. நாளாகும், ஆனா சரியாகும்."

அக்காவைத் தனியாக் கூப்பிட்டும் சொன்னாங்க. "கட்டாயப்படுத்தாதீங்க. அவர் வாயைப் பாக்காதீங்க. கூட உக்காந்து உங்க சாப்பாட்டை நீங்க சாப்பிடுங்க. ஒரு வாய் எறங்குச்சுன்னா கைதட்டவும் வேணாம். முக்கியமா நோன்பு கூடாது. அவரு ஒளிஞ்சுக்கிற இடம் அதுதான்."

மத்தியானம் மாமா வந்தாரு. சட்டியில எல்லாம் அவரே கை நீட்டிப் பாத்து கடையைத் தொறந்துட்டாராம். பெருநாள் சட்டையில குழம்புக் கறை. திரையை விலக்கும்போதே அழுகையும் பெருமையுமா, "கெண்டூரியில எல்லாருக்கும் சொல்லிட்டேன். விடாம நோன்பு இருந்து மயங்கிட்டான்னு. ஊரே துஆ செய்யுதுப்பா"ன்னாரு.

"மாமா, நோன்பு இல்ல மாமா. டாக்டர் பயம்னு சொல்றாங்க"ன்னா அக்கா.

"பயமா? யாருக்கு? இவனுக்கா? மூணு கடைக்குத் தவுக்கே, இவனைப் பாத்து நாலு பேரு பயந்தா சரி."

அக்கா மச்சானைப் பாத்தா. மச்சான் டிரிப்ஸ் ஊசியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஆமா அத்தா. பசி மயக்கம்தான்."

வீட்டுக்கு வந்தாச்சு. அக்கா டாக்டர் சொன்ன மாதிரியே செஞ்சா. தண்ணியாக் கஞ்சி காய்ச்சி, ரெண்டு கிண்ணத்துல ஊத்தி, டிவியைப் போட்டுட்டு தன் கிண்ணத்தைக் குடிச்சா. பக்கத்துல ஒரு ஸ்பூன் எறங்குற சத்தம் கேட்டுச்சு. அவ திரும்பல. இன்னொரு ஸ்பூன். மறுநாள் அரைக் கிண்ணம். நான் வொர்க்‌ஷாப் முடிஞ்சு போயிருந்தப்போ மச்சான் என்கிட்ட, "ஏன்டா, உன் கை பூரா எண்ணெய், அதோட என் பொண்டாட்டி கிண்ணத்தைத் தொடாதே"ன்னாரு. "அவ என் அக்கா மச்சான்"ன்னேன். "அப்ப இன்னும் தூரப் போ"ன்னாரு. அந்த ஒரு நாள் எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சோம்.

நேத்து மத்தியானம் மச்சானுக்கு ஒரு போன் வந்துச்சு. கையில ஸ்பூன் இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டாரு. அத்தா, அது நீங்கதான். நீங்க சந்தோசமாத்தான் பேசினீங்க. "மருமவனே, நோன்பாலயே மயங்கிட்டீங்களாமே! நம்ம ஜமாஅத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். இந்தக் காலத்துல எவன் வைக்கிறான்? திங்கக்கிழமை நோன்பை மட்டும் விட்டுறாதீங்க, அது உங்களுக்கு வந்த பாக்கியம்"ன்னீங்க.

மச்சான் ஸ்பூனைக் கீழ வச்சாரு. "இன்ஷா அல்லாஹ் மாமா"ன்னாரு. மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சாம். இத்தனை மாசத்துல அப்படி ஒரு நிம்மதியை அக்கா பாத்ததே இல்ல. அதைப் பாத்துத்தான் அவ பயந்துட்டா.

அந்த நாலு நாளும் முடிஞ்சு போச்சு. இனிமே நோன்பு கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது. கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டு மச்சான் சொன்னாரு. "திங்கக்கிழமை சஹருக்கு நீ எந்திரிக்க வேணாம் ஷாஹி. நானே பாத்துக்கிறேன்." டாக்டர் கூடாதுன்னாங்களேன்னு அக்கா சொன்னதுக்கு, "உங்க அத்தாவே சொல்லிட்டாரு"ன்னுட்டாரு. நேத்து ராத்திரி சாப்பாட்டுல இருந்து மறுபடியும் போன் வந்த மாதிரி எந்திரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

இன்னைக்கு சனிக்கிழமை. ஷேக் அலாவுதீன் மாமாகிட்ட அக்கா மறுபடியும் பேசப் போறா, ஆனா அவரு கேப்பாரான்னு தெரியல. நம்ம வீட்டு ஆளுங்க சொன்னா மச்சான் கேப்பாரு. அத்தா, நாளைக்குள்ள அவருக்கு ஒரு போன் போடுங்க. உடம்பு சரியில்லாதவங்களுக்கு நோன்பு கடமை இல்ல, வைக்க வேணாம்னு உங்க வாயாலயே சொல்லுங்க. டாக்டர் குடுத்த நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அம்மா, நம்ம ஊரு மாமி, வேற யாரு இதைப் படிச்சாலும், மச்சான்கிட்ட நோன்பைப் பத்தியோ கடையைப் பத்தியோ பெருமையாப் பேசாதீங்க. சாப்பிட்டீங்களான்னும் கேக்காதீங்க. சும்மா எதையாவது பேசுங்க. போன் மட்டும் போடுங்க.